அக்கா வீட்டுக்குப் போன காளான்

மழை விட்ட மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது, அந்த லைன்மேனின் தோள்பையில் இடுக்கி, ரப்பர் கையுறையோடு ஒரு துணிப்பையும் இருக்கும். காட்டோரமாகப் போகும் மின்கம்பிகளில் உரசும் கிளைகளை வெட்டித் தள்ளிவிட்டு, புல்லில் முளைத்த காளான்களைப் பறித்து வருவார். பதினைந்து வருஷப் பழக்கம். உடன் வேலை செய்பவர்களுக்கு அவர் 'காளான்'தான்.

அவருடைய அக்காவுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் ஏறியிருந்தன. காளானில் கொழுப்பு குறைவு, புரதம் உண்டு, சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து முதல் பங்கு அக்கா வீட்டுக்கு என்றாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அவர் மனைவி தையல் மெஷினை மூடிவிட்டு, முந்தின நாள் வந்த காளான்களைக் கழுவ உட்கார்ந்தாள்.

"என்னங்க, இது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கே."

வாங்கிப் பார்த்தார். மற்றவற்றில் தொப்பிக்கு அடியிலிருந்த மடிப்புகள் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தன. இதில் சுண்ணாம்பு வெள்ளை. தண்டின் அடியில் உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒரு பை. நேற்று மறுபடி தூறல் பிடித்ததால் மரத்தடியிலும் அவசரமாகக் கைக்குக் கிடைத்ததை அள்ளியிருந்தார். இந்த வகையைத் தின்றால் அரை நாள் வரை ஒன்றுமே தெரியாது, தெரியும்போது ஈரல் போயிருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார்.

வீட்டில் இருந்ததை மொத்தமாகக் கட்டி எடுத்துக்கொண்டார். முதல் பங்கு நேற்றே அக்கா வீட்டுக்குப் போயிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்கூட்டரை எடுத்தார்.

அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, காளான் எங்க?"

"வயித்துலதான். காலையில வெங்காயம் போட்டு வதக்கி நானும் மாமாவும் சாப்பிட்டோம். ஏன்டா மூச்சு வாங்குது?"

சொன்னார். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை.

"அதுல பூச்சி கடிச்சிருந்துதுடா. பூச்சி தின்னா விஷம் இருக்காதும்பாங்களே. நல்லா வேற வேக வெச்சேன்."

"பூச்சிக்கு ஒண்ணும் ஆகாது, நமக்குத்தான் ஆகும். வேக வெச்சாலும் போகாதுக்கா. கெளம்பு."

மாமா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "எனக்கு நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் இருந்தாக்கூடச் சாப்பிடுவேன்."

"நல்லா இருக்கும்போதே போகணும் மாமா."

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் விஷத்தை உறிஞ்சுவதற்காகக் கரி கரைத்த தண்ணீரைக் கொடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கழுவும்போது வெட்டிப் போட்டது ஏதாவது மிச்சம் இருக்கா?"

"அடித்தண்டை எல்லாம் நறுக்கிக் குப்பைக்கூடையில போட்டேன். பதினொண்ணு இருந்துச்சு," என்றாள் அக்கா. சமையலில் எதையும் எண்ணாமல் அடுப்பில் வைக்காதவள் அவள்.

லைன்மேன் திரும்பிப் போய், சமையலறைத் தரையில் குப்பைக்கூடையைக் கவிழ்த்து, டீத்தூளுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எட்டு, ஒன்பது. பத்தாவது தேங்காய் நாரில் ஒட்டியிருந்தது. பதினொன்றாவதற்குக் கால் மணி நேரம் ஆனது. அது கூடையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா வரவழைத்த தாவரவியல் ஆசிரியர் வெள்ளைத் தாளில் அவற்றைப் பரப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். தண்டுகளோடு ஒட்டியிருந்த தொப்பித் துணுக்குகளையும் திருப்பினார். லைன்மேன் சுவரில் சாய்ந்து நின்றார், உட்காரத் தோன்றவில்லை.

"பதினொண்ணும் நல்லதுதான். அடியில பை எதுலயும் இல்ல. நீங்க கட்டிக் கொண்டுவந்ததுல இருக்கிற அந்த ஒண்ணு மட்டும் விஷம்."

லைன்மேன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒரு நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாள்.

இருந்தாலும் மறுநாள் சாயங்காலம் வரை இருவரையும் அனுப்பவில்லை. ரத்தப் பரிசோதனை மூன்று முறையும் சரியாகவே வந்தது. பல்லெல்லாம் கரியோடு அக்கா சிரித்தாள். "எந்த எதிரியும் விஷம் வெச்சுட்டு வீடு தேடி வந்து சொல்ல மாட்டான். நீ வந்தே பாரு."

அவருக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது.

அதற்குப் பிறகு அவர் காட்டில் பறிக்கவில்லை. பின்னறையில் வைக்கோல் நிரப்பிய பைகளைத் தொங்கவிட்டு, கடையில் வாங்கிய விதையில் சிப்பிக்காளான் வளர்க்கிறார். வேலையிடத்தில் யாராவது ஒன்றைப் பிடுங்கி வந்து, "இது சாப்பிடலாமா?" என்று நீட்டினால், "எனக்குத் தெரியாதுப்பா, கீழ போட்டுட்டுக் கையக் கழுவு," என்று சொல்லிவிட்டுக் கம்பத்தில் ஏறிவிடுகிறார்.