இடைவேளையில் காட்டாத பிள்ளை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்பந்தாட்டத்தை நான் நான்கு வருடம் பார்த்தேன். இன்றுவரை அதன் விதிகள் எனக்கு முழுதாக விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. யார் வென்றால் எனக்கென்ன, யார் தோற்றால் எனக்கென்ன? நானும் மனைவியும் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தது இடைவேளைக்காக. ஆட்டம் பாதியில் நிற்கும்போது பல்கலைக்கழகத்தின் வாத்தியக் குழு மைதானத்துக்குள் இறங்கும். நூற்றுக்கணக்கான பிள்ளைகள். அதில் ட்ரம்பெட் ஊதுகிற வரிசையில் எங்கள் மகள் இருந்தாள்.

மகள் கிரின்ஸ்டெட்டில் பிறந்து வளர்ந்தவள். டென்மார்க்கின் சின்ன ஊர்களில் பெண்பிள்ளைகளுக்கென்று அணிவகுப்பு வாத்தியக் குழுக்கள் உண்டு. பீகேகார்டே என்பார்கள். உயரத் தொப்பியும் பளபளத்த பொத்தானுமாகத் தெருவால் ஊதிக்கொண்டு போவார்கள். மூன்றாம் வகுப்பிலேயே அதில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கு விருப்பமில்லை. “பெட்டையை ரோட்டில ஊதவிட்டிட்டு நான் ஆருக்கு முகம் குடுக்கிறது?” என்று கத்தினேன். மனைவி அவள் பக்கம் நின்றா. அதோடு என் கதை முடிந்தது.

மற்றத் தாய்மார் சந்தியில் நின்று கையசைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். என் மனைவி அப்படியில்லை. ஊர்வலம் தொடங்குகிற இடத்திலிருந்து முடிகிற இடம்வரை, நடைபாதையில், மகளின் வரிசைக்கு நேராக நடப்பா. ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், மற்றதில் மழைக்கோட்டு. “ஸ்லாப் ஆ, அம்மா” என்று மகள் டெனிஷில் சினப்பாள், கொஞ்சம் சும்மா இரு என்று. மனைவி கேட்டால்தானே. முதியோர் இல்லத்தில் வேலை செய்து, நாள் முழுக்க நின்று களைத்த கால்கள்தான். ஆனாலும் நடந்தா.

உயர்பள்ளி முடித்ததும் மகளுக்கு அமெரிக்காவில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. இங்கே படிப்பு இலவசமாகக் கிடக்க அங்கே போகிறாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. படிப்பைவிட அந்த வாத்தியக் குழுதான் அவளை இழுத்தது என்பது பிறகுதான் தெரியவந்தது. போன முதல் மாதமே தொலைபேசியில் மூச்சுவிடாமல் கதைத்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் குழு ஊரின் பெரிய தெருவால் ஊதிக்கொண்டு அரங்குக்குப் போகுமாம். அங்கே படித்துவிட்டுப் போன கிழவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்று அழுவார்களாம். ஆட்டம் முடிந்தால், வென்றாலும் தோற்றாலும், விளையாடின பையன்கள் குழுவுக்கு முன்னால் வந்து நின்று கல்லூரிப் பாட்டைச் சேர்ந்து பாடுவார்களாம்.

மனைவி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டா.

“ரோட்டால போகேக்க பக்கத்தில நடக்கலாமோ, பிள்ளை?”

“ஓம் அம்மா, நடக்கலாம்.”

“அப்ப அடுத்த வருசம் வாறன்.”

அடுத்த வருடம்வரை பொறுக்க அவவால் முடியவில்லை. அந்த ஆட்டங்களைக் காட்டுகிற சானலுக்கு என்னைப் பதியவைத்தா. நானும் சும்மா இருந்தேனா? எங்கள் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று பின்னேரம் எங்கள் மகள் ரீவியில்’ என்று பெரிதாகப் போட்டேன். அங்கே மத்தியானம் தொடங்கினால் இங்கே மாலை ஆறு மணி, வசதியான நேரம். இரண்டு குடும்பங்கள் ரோல்ஸும் வடையுமாக வந்திறங்கின. மனைவி நல்ல சேலை கட்டிக்கொண்டு முன் கதிரையில் இருந்தா, பெட்டிக்குள் இருந்து மகள் தன்னைப் பார்க்கப்போவது போல.

விசில் ஊதினார்கள். இடைவேளை. எல்லோரும் வாயை மூடினோம். கழுத்துப்பட்டி கட்டிய மூன்று பேர் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து கதைத்தார்கள். பிறகு ஒரு கார் மலையேறியது. பிறகு பியர். பிறகு காப்புறுதி. திரும்பவும் கார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாதி ஆட்டம் தொடங்கிவிட்டது. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் ஒருவன், வாய் சும்மா கிடக்காது, “அண்ணை, மகள் அந்தக் காருக்குள்ளயோ இருக்கிறா?” என்றான். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். மனைவியும் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டா. குழாய் கனநேரம் ஓடியது.

மகளுக்கு அழைத்துக் கத்தினேன். அவள் ஆறுதலாகச் சொன்னாள்: “அப்பா, இடைவேளையை அவை ஒருநாளும் காட்டமாட்டினம். விளம்பரத்துக்கான நேரம் அது. இஞ்ச எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப ஏன் நீங்கள் ஊதுறியள்?”

“அரங்கில இருக்கிற சனத்துக்கு.”

பிறகு தோழிகள் எடுத்த காணொளிகளை அனுப்பினாள். அரங்கின் உச்சியில் இருந்து கைத்தொலைபேசியில் எடுத்தவை. எல்லோருக்கும் ஒரே உடுப்பு, ஒரே தொப்பி. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இதுதான் அவள்... இல்லை, இந்தா இது” என்று விரலை நகர்த்துவா. பிறகு தொலைபேசியை என்னிடம் நீட்டிவிடுவா. “ஊதுற நேரத்தில பாக்கவேணும். பேந்து பாக்கிறது முடிஞ்ச கலியாணத்தின்ர வீடியோ மாதிரி.”

ஆகவே விடாமல் பார்த்தோம். கோல் மாதிரி ஏதோ ஒன்று விழுந்தால் கமெரா ஒரு கணம் வாத்தியக் குழுப் பக்கம் திரும்பும். அந்த ஒரு கணத்துக்காக முழு ஆட்டத்தையும் பார்ப்பா. ஒருமுறை ட்ரம்பெட்டுக்குப் பின்னால் ஊதிப் புடைத்த ஒரு கன்னம் வந்தது. “அவள்! இஞ்சருங்கோ, அவள்!” என்று எழும்பி நின்றா. நான் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பையன்.

இரண்டாம் வருடம் மனைவி அமெரிக்கா போகவில்லை. சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ். பஸ் என்று பெயருக்குத்தான் உண்டு, நான்தான் காரில் கொண்டுபோய் இறக்குவேன். சனிக்கிழமை இரத்தம் சுத்தம் செய்து முடித்து, முகம் சாம்பல் பூத்து வருவா. வந்ததும் பெட்டியைப் போடச் சொல்லுவா. அதற்குள் அவன்கள் நேரத்தை மாற்றியிருப்பான்கள். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதைத் தொலைக்காட்சிக்காரன் சொன்ன பிறகுதான் பல்கலைக்கழகத்துக்கே தெரியும். அவனுக்கு இரவுதான் லாபம் என்றால் அங்கே இரவு, எங்களுக்கு விடியப்புறம். நித்திரைக் குளிசை போட்ட மனுசியை நான் எப்படி எழுப்புவது? நாசமாய்ப் போவான்கள் என்று ஏசாத கிழமை இல்லை.

மகளின் கதையும் மாறத் தொடங்கியது. அரங்குக்கு இப்போது ஏதோ காப்புறுதிக் கம்பனியின் பெயர் என்றாள். பக்கத்து மாநிலத்துப் பரம எதிரியோடு பூட்டன் காலத்தில் இருந்து விளையாடி வந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டார்களாம். தொலைக்காட்சிக் காசு கூடக் கிடைக்கும் என்று வேறு கூட்டத்தோடு சேர்ந்து, கண்டத்தின் மற்றக் கரையில் முன்பின் தெரியாதவர்களோடு விளையாடப் பறக்கிறார்களாம். அவ்வளவு தூரம் வாத்தியக் குழுவைக் கூட்டிக்கொண்டு போவதில்லையாம். “போன வருசம் நாங்கள் பேர் சொல்லிக் கத்தின ஆட்டக்காரப் பெடியன் இந்த வருசம் எதிர்ப்பக்கம் நிக்கிறான், அப்பா. கூடக் காசு குடுத்தவங்களாம்.” அதில் நான் பிழை சொல்லமாட்டேன். எலும்பு முறிகிறவன் காசு கேட்கத்தானே வேண்டும், நானும் தொழிற்சாலையில் கூடச் சம்பளம் கேட்டவன்தான். ஆனால் “நாங்கள் ஊதத் தொடங்க ஒலிபெருக்கியில விளம்பரத்தைப் போடுறாங்கள், வாயில ட்ரம்பெட்டோட பாத்துக்கொண்டு நிக்கிறம்” என்று அவள் சொன்னபோது மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்காம் வருடம், ஊரில் நடக்கும் கடைசி ஆட்டத்துக்கு முன்னால், படிப்பு முடிகிற பிள்ளைகளைத் தாய் தகப்பனோடு மைதானத்துக்குள் நடக்கவிடுவார்கள் என்றாள். அது அங்கே பெரிய சடங்கு. மனைவி பறக்கலாமா என்று வைத்தியரைக் கேட்டோம். கூடாது என்று தலையை ஆட்டினார்.

“நீங்கள் போங்கோ. பிள்ளை தனிய நடக்கக்கூடாது. ரோட்டிலயும் எனக்குப் பதிலா நடவுங்கோ. நான் ரீவியில பாக்கிறன்” என்றா மனைவி.

போவதற்கு இரண்டு கிழமைக்கும் குறைவாக இருக்கும்போது தொலைக்காட்சிக்காரன் சனிக்கிழமை ஆட்டத்தை வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு இழுத்தான். அலைந்து திரிந்து விமானச் சீட்டை மாற்றினேன். ஆனால் வெள்ளி டயாலிசிஸ் இல்லாத நாள். நேரமும் இங்கே பின்னேரம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு நன்றி சொன்னேன். டோஸ்ட்ருப்பில் இருந்து மனைவியின் தம்பி வந்து அவவோடு நின்றான்.

அந்தத் தெருவில் நடந்தேன். கையில் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோனேன். இரண்டு பக்கமும் கம்பனிகளின் கூடாரங்கள், சும்மா கொடுக்கிற தொப்பிகளுக்கு முண்டியடிக்கிற சனம். மேளச் சத்தம் அவர்களின் ஒலிபெருக்கிகளுக்குள் அமுங்கிப்போனது. ஆனாலும் மகளின் வரிசைக்கு நேராக, ஓரமாக, கடைசிவரை நடந்தேன். அவள் ஒருதரம் கடைக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள்.

மைதான வாசலில் தாய்மாருக்கென்று மஞ்சள் பூ கொடுத்தார்கள். என்னிடமும் ஒன்றைத் தந்தார்கள். காதில் கருவி மாட்டிய ஒரு பெண் வரிசையை விரட்டிக்கொண்டிருந்தா. தொலைக்காட்சி தொடங்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது, அதற்குள் மைதானம் காலியாக வேண்டும் என்றா. “இதைத் தொலைக்காட்சியில் காட்டமாட்டீர்களா?” என்று கேட்டேன். “இல்லை ஐயா, இது குடும்பங்களுக்காக” என்று அன்பாகச் சொன்னா.

உடனே வீட்டுக்குக் காணொளி அழைப்பு எடுத்தேன். அவ்வளவு சனத்துக்குள் இணைப்பு எங்கே கிடைக்கும்? மனைவியின் முகம் பாதி வாய் திறந்தபடி உறைந்து, பிறகு அதுவும் போய்விட்டது. மகள் என் கையைப் பிடித்தாள். நடந்தோம். இருக்கைகளில் பாதிக்கு மேல் காலி. கமெராக்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. ஒருவனும் அவற்றைத் தொடவில்லை. நான் சிரித்துக்கொண்டு நடந்தேன். உள்ளுக்குள் செத்துக்கொண்டு நடந்தேன்.

ஆட்டத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன் மைதான ஓரத்துக்கு வந்து நிற்பான். அவன் நிற்கும்வரை விளையாட்டு நிற்கும். இத்தனை ஆயிரம் பேரும் குளிரில் சும்மா நிற்பார்கள். அவன் எதற்காக நிற்கிறான் என்று மகளின் தோழியின் தகப்பனைக் கேட்டேன். விளம்பரம் முடியும்வரை என்றார்.

இடைவேளை வந்தது. குழு இறங்கியது. நான்கு வருடம் காத்திருந்ததை முழுதாகப் பார்த்தேன். அவ்வளவு வடிவு. மகள் எது என்று எனக்கு உடனே தெரிந்தது, தாயின் நடை. அழுதேன். அந்த வடிவு எனக்கு இனிக்கவில்லை. விருப்பமே இல்லாத நான் பார்க்கிறேன், தவம் கிடந்தவ பார்க்கவில்லை.

விடுதிக்குப் போய் அழைத்தேன்.

“பாத்தனீரோ?”

“முதல் ஒரு கார் காட்டினவங்கள். பேந்து பியர். தம்பி பாவம், சானலை மாத்தி மாத்திப் பாத்தவன்.” பிறகு கேட்டா: “பிள்ளை வடிவா நடந்தவளோ?”

“ஓம்.”

“ரோட்டில?”

“கடைசிமட்டும் நடந்தனான்.”

“நல்லது. சாப்பிட்டிட்டுப் படுங்கோ.”

மார்கழியில் மகள் ட்ரம்பெட்டோடு வீட்டுக்கு வந்தாள். மனைவி கட்டிலை விட்டு எழும்புவதே பெரிய காரியமாக இருந்தது. ஒரு பின்னேரம் மகள் தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, கட்டிலின் காலடியில் நிமிர்ந்து நின்றாள், மைதானத்தில் நின்றதுபோல. “அம்மா, உங்களுக்காக ஊதப்போறன்.” நான் சுவரோடு ஒதுங்கி நின்றேன். நான்கு வருடமாக நான் ஏசினவர்களில் ஒருவரும் அந்த அறையில் இல்லை. காரும் இல்லை, பியரும் இல்லை. தாய்க்கும் மகளுக்கும் இடையில் ஒரு போர்வைதான் இருந்தது.

மனைவி அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தா. சிரிக்கப் பார்த்தா.

“இப்ப வேண்டாம், பிள்ளை. தலைக்குள்ள சத்தம் தாங்கேல்லை. பேந்து பாப்பம்.”

மகள் ட்ரம்பெட்டை உறைக்குள் வைத்துவிட்டுத் தாயின் கால்களைப் பிடித்துவிட்டாள்.

பொங்கலுக்கு முதல் அவ போய்விட்டா. தகனத்துக்கு முன்னால், பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றபோது, மனைவியின் தம்பி மகளின் தோளில் கைவைத்து, “கொம்மா அவ்வளவு ஆசைப்பட்டவ. இப்ப ஒருக்கா ஊதிவிடன், பிள்ளை” என்றான்.

சினந்தால் டெனிஷுக்கு மாறுகிறவள் தமிழில் சொன்னாள்.

“அம்மா வேண்டாம் எண்டவ, மாமா.”