ஆகாததை ஆயிற்று என்று எழுதாதவன்

தம்பியின் கைப்பேசியில் அந்தப் பதிலைப் படித்த மாலை இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்தவன், குறுக்கே கீறல் விழுந்த அந்தக் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "படிச்சுப் பாரு. ஆனா சிரிச்சுடாத," என்றான்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்தவன் அவன். அப்போதுதான் சூப்பர்வைசர் ஆகியிருந்தான். கிரீஸ் கையோடு முடிந்துபோன வேலை இப்போது மின்னஞ்சலில் முடியவேண்டியிருந்தது. பழுது பார்த்த ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி, அந்தந்தக் குடியிருப்புக்கு அனுப்பவேண்டும். அன்று அவன் எழுதியது ஒரே வரி: 'டோர் சென்சார் ஹேஸ் ரிப்ளேஸ்ட்.' கதவு சென்சார் மாற்றப்பட்டிருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்திருக்கிறான். 'பீன்' என்ற ஒரு சொல் விட்டுப்போனதில், சென்சாரே வேறு யாரையோ மாற்றிவிட்டதாக ஆகிவிட்டது. "உங்கள் சென்சார் யாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது?" என்று குடியிருப்பின் செக்ரட்டரி பதில் போட்டிருந்தார். குடியிருப்போர் அத்தனை பேருக்கும் அதன் நகல் போயிருந்தது.

நான் சிரிக்கவில்லை. உயர்நிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவள் நான். அந்தப் 'பீன்' விட்டுப்போவதை வருடந்தோறும் சிவப்பு மையில் திருத்துகிறவள். எங்கள் அப்பா ராமாபுரத்திலிருந்து கொத்து வேலைக்காக மைசூருக்கு வந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம் என்று வளர்ந்தோம். ஆங்கிலம் எனக்குப் பிடித்துப்போனது. அவனுக்கு மெஷின் பிடித்துப்போனது. அன்று விதியைச் சொன்னேன். செய்யப்பட்ட பொருள் முதலில், பிறகு ஹேஸ் பீன் அல்லது ஹேவ் பீன், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். அவன் தலையாட்டினான். அடுத்த வாரமே 'ரோப் ஹேஸ் கிரீஸ்ட்' என்று எழுதினான். விதி மனப்பாடம் ஆகியிருந்தது, மனதுக்குள் போகவில்லை.

மனதுக்குள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அவனுக்குப் பெண் பார்த்து முடித்து, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்த சமயம். பூவுக்கும் வெற்றிலைக்கும் சொல்லிவைக்க தேவராஜ மொஹல்லாவுக்குப் போனோம். மார்க்கெட் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியவன், எதிரே இருந்த கன்னடப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். 'வாகன நிலுகடெ நிஷேதிஸலாகிதெ.' இங்கே வண்டி நிறுத்துவது தடை செய்யப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"அக்கா, யாரு தடை பண்ணாங்கன்னு போட்டிருக்கா? இல்ல. எப்பன்னு? அதுவும் இல்ல. ஆனா இந்த நிமிஷம் அது தடைதான். இந்த 'லாகிதெ' இருக்கே, அதானே உன்னோட ஹேஸ் பீன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான். "அம்மா 'சோறு ஆக்கியாச்சு'ங்கறாளே, அதுவும் இதேதான். யார் ஆக்குனதுங்கறது பேச்சில்ல. மூடியத் திறந்தா உள்ள சோறு இருக்கணும்."

அதற்குள் போலீஸ்காரர் விசிலோடு வந்துவிட்டார். பலகைக்கு நேர் கீழே வண்டியை நிறுத்திவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எங்களை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! தம்பி சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளினான். அதன் பிறகு அவன் எழுதிய எதிலும் 'பீன்' விட்டுப்போனதை நான் பார்த்ததில்லை.

நிச்சயத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது அந்தச் சிக்கல் வந்தது. கேலி செய்த செக்ரட்டரியின் குடியிருப்பிலேயே லிஃப்ட் தளத்துக்குச் சரியாக நிற்காமல் ஓர் அங்குலம் கீழே இறங்கி நிற்கிறது என்று புகார். மேலே ஏறிப் பார்த்தவன், லிஃப்ட்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் லைனிங் தேய்ந்துபோயிருப்பதைக் கண்டுபிடித்தான். புதியது பெங்களூரிலிருந்து வரவேண்டும். ஆனால் அந்த வாரக் கடைசியில்தான் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கூட்டம். மேனேஜர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். லைனிங் மாற்றப்பட்டிருக்கிறது என்று இப்போதே எழுதி அனுப்பிவிடு, கூட்டம் முடிந்ததும் பொருள் வந்துவிடும், மாட்டிவிடலாம் என்று கன்னடத்தில் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்.

"மாத்தப்போறோம்னு எழுதறேன் சார். மாத்தியாச்சுன்னு எழுதமாட்டேன்," என்றிருக்கிறான் இவன். சொன்னதோடு நிற்காமல் லிஃப்ட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது எங்களிடம் சொன்னான். சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளை சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தோம். அந்தப் பதவி எத்தனை நாள் தங்குமோ என்ற பயம் அப்பாவை ஆட்டியது. "ரெண்டு வார்த்தை சாமி. எழுதிக் குடுத்துப்போட்டு வந்திருக்கலாமில்ல? அப்பறம் மாட்டத்தானே போறீங்க?" என்றார்.

"அப்பா, நீங்க பூசின செவுரு காயாம இருக்கு. 'காஞ்சாச்சு, குடி வாங்க'ன்னு சொல்லுவீங்களா?"

அப்பா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோனார். தம்பி சுவரோரம் உட்கார்ந்து மின்னஞ்சல் அடிக்க ஆரம்பித்தான். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நாட் எங்க வரும்? பீனுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால," என்றேன்.

'தி பிரேக் லைனிங் ஹேஸ் நாட் பீன் ரிப்ளேஸ்ட். தி லிஃப்ட் ஹேஸ் பீன் ஸ்விட்ச்ட் ஆஃப்.' லைனிங் மாற்றப்படவில்லை, லிஃப்ட் நிறுத்தப்பட்டிருக்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனையோ விடைத்தாள்கள் திருத்தியிருக்கிறேன். எழுதியவனுக்கு வேலையே போய்விடலாம் என்ற நிலையில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட இரண்டு வாக்கியங்களை அதற்கு முன் பார்த்ததில்லை. பெருமையில் எனக்குக் கண் நிறைந்தது. அவன் பார்த்துவிடக்கூடாது என்று பாத்திரம் கழுவப் போனேன்.

மறுநாள் மேனேஜர் கத்தினார். குடியிருப்பில் மேல்மாடிக்காரர்களும் படியேறிக்கொண்டே திட்டினார்கள். செக்ரட்டரி மட்டும் திட்டவில்லை. கம்பெனி முதலாளியையே நேராக அழைத்து, லைனிங் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். கேட்ட மறுநாளே பெங்களூரிலிருந்து பொருள் வந்து இறங்கியது. தம்பியே நின்று மாட்டினான். ஆளில்லாமல் லிஃப்ட்டை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான், பிறகு தானே ஏறிப் பார்த்தான், அதன் பின்தான் எழுதினான். கூட்டத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. தங்கள் குடியிருப்புக்கு இனி இந்தப் பையன் எழுதும் அறிக்கைதான் வரவேண்டும் என்று செக்ரட்டரி ஒரு நிபந்தனையும் சேர்த்தாராம். மேனேஜர் வெகுநாள் அவனிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அந்த வருடம் அவனுக்கு வரவேண்டிய ஊதிய உயர்வும் வரவில்லை. அதைப் பற்றி அவன் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

இன்று அதே கம்பெனியில் அவனுக்குக் கீழே பல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். எந்த லிஃப்ட்டுக்கும், தான் கண்ணால் பார்க்காத வேலைக்கு 'ஹேஸ் பீன்' போட அவன் சம்மதிப்பதில்லை. சிலருக்கு அது எரிச்சல். எனக்கு மைசூரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஏறினாலும், பராமரிப்பு அட்டையில் அவன் கையெழுத்து இருக்கிறதா என்று தேடும் பழக்கம் வந்துவிட்டது.

அந்த வருடம் நிச்சயதார்த்தம் குறித்த நாளில்தான் நடந்தது. பெண்ணின் பெரியப்பா, "மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். சூப்பர்வைசர் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"லிஃப்ட் கம்பெனியிலீங்க. எம்பையன் இங்கிலீசுல எழுதிக் கையெழுத்துப் போட்டான்னா, அந்த வேலை முடிஞ்சிருக்குன்னு அர்த்தமுங்க," என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டு, தட்டு மாற்றுவதற்காகத் தாம்பாளத்தைக் கையில் எடுத்தார்.