மே தினத்திலும் ஓயாத தட்டல்

"போதும்டி, காலு உட்டுப்போச்சு" என்று அம்மா பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சுற்றுகூட முடியவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையைக் கூட்டாமல் இருக்க வேண்டுமானால் தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கோ நடையைப் போல அலுப்பான காரியம் உலகத்திலேயே இல்லை. என்ன செய்வது என்று நான் விழித்த நேரம் பார்த்து என் இயர்போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அம்பத்தூர் மொத்தமும் திமுதிமுவென்று காதுக்குள் நுழைந்தது. கூடவே அந்த யோசனையும்.

"ம்மா, ஒரு போட்டி. நடந்துகினே ஆளுக்கொரு சத்தம் சொல்லணும். சொன்னதையே சொல்லக் கூடாது. தோத்தவங்கதான் இன்னிக்கு சமையல்."

"நீ சமைச்சா அப்பவும் நான்தான் தோத்தவ" என்றாள். ஆனாலும் எழுந்துவிட்டாள்.

நான் ஊஞ்சல் சங்கிலியின் கிறீச்சொலியைச் சொன்னேன். அம்மா எங்களுக்குப் பின்னால் தேயும் செருப்பைச் சொன்னாள். "எதிர்ஊட்டுக்காரரு. ஒரு கால இழுத்துதான் நடப்பாரு." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரேதான்! நான் சிரிப்புச் சங்கத்தார் கையைத் தூக்கிச் சிரிப்பதைச் சொல்ல, அவள் மதிலுக்கு அந்தப் பக்கத்துக் குக்கரைப் பிடித்தாள். "விசிலு மேல விசிலு உட்டுகினே கீது. பருப்பு கரைஞ்சே பூடும். யாரு ஊடுன்னு தெரிஞ்சா நானே போயி அடுப்ப அணைச்சிட்டு வருவேன்."

எனக்குச் சத்தங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் டொக், டொக், டொக் என்று அளவெடுத்தாற்போல் ஒரு தட்டல்.

"பட்டறை" என்றாள் அம்மா உடனே.

நானும் அப்படித்தான் நினைத்தேன். தொழிற்பேட்டை ஓரத்தில் வளர்ந்தவர்களுக்கு எந்தத் தட்டலும் பட்டறைச் சுத்தியல்தான். பிறகுதான் உறைத்தது. "ம்மா, இன்னிக்கு மே தினம். பட்டறையெல்லாம் லீவு."

அம்மா நின்றாள். "அப்ப இன்னாடி அது?"

தேடத் தொடங்கினோம். தட்டல் ஒரு சமயம் வாசல் பக்கம் கேட்டது, ஒரு சமயம் சறுக்குமரத்துப் பக்கம். அம்மா முன்னால் போக, மூச்சு வாங்கிக்கொண்டு நான் பின்னால். கடைசியில் அரசமரத்தின் உச்சிக்கிளையில் கண்டுபிடித்தவளும் அவள்தான். பச்சை உடம்பு, சிவப்பு நெற்றி, ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு தலையாட்டல். செல்போனில் தேடிப் பார்த்தேன்: செம்மார்புக் குக்குறுவான் என்ற பறவை, அதன் குரலே சுத்தியல் தட்டுவது போலத்தான் இருக்குமாம்.

"இத்துனூண்டு கீது, இதுவா இந்தச் சத்தம் போடுது? லீவு நாள்ல ஓவர்டைம் வேற!" அம்மா சிரித்த சிரிப்பில் சிரிப்புச் சங்கமே திரும்பிப் பார்த்தது.

எத்தனை சுற்று நடந்தோம் என்று இருவருமே எண்ணவில்லை. வாசலில் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டியபடி அவளே சொன்னாள்: "நாளைக்கு ஏரிக்கரைக்குப் போலாம்டி. தண்ணிப் பக்கம் இன்னா இன்னா கத்துதுன்னு கேக்கணும்."

ஏரிக்கரை இந்தப் பூங்காவைவிட எவ்வளவு நீளம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.