ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள்

பஞ்சாயத்து கிளார்க் அந்த நோட்டீஸை எங்கள் ஆட்டுக்கொட்டகைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். வீட்டில் ஆள் இல்லையென்றால் அப்படித்தான் ஒட்டுவார்களாம். மைதா பசை. நான் கொல்லையிலிருந்து வந்து பார்ப்பதற்குள் வெள்ளாடு கீழ்ப்பாதியை நக்கித் தின்று முடித்திருந்தது. மிச்சமிருந்த மேல்பாதியில், என் வீட்டுக்காரரின் பங்காளி அண்ணன் தன் நிலத்தில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் அறைகள் கட்ட அனுமதி கேட்டிருக்கிறார் என்று இருந்தது. ஆட்சேபணை இருந்தால் எப்போது, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் ஆட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது.

மறுநாள் பஞ்சாயத்து ஆபீசுக்கே போய்க் கேட்டேன். கிளார்க் நல்ல மாதிரி. எங்கள் ஆட்டைத் திட்டிவிட்டு, பிளானை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"பக்கத்து நெலம் உங்குளுதுதாம்மா. ஆட்சேபணை இருந்தா மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுங்க. அப்புறம் மலைக்குக் கீழருந்து ஆபீசர் வந்து எடத்தப் பாப்பாரு."

"அவருதான் எழுதணுமா, நான் எழுதலாமா?"

"அந்த வூட்ல குடியிருக்கறவங்க யாரு வேணா எழுதலாம்."

பிளானில் ரோட்டைப் பார்த்து வரிசையாக அறைகள். சரிவான இடம் என்பதால் மேடை தூக்கிக் கட்டப் போகிறார்கள். நடுவில் எங்கள் வீட்டுக்கு வழி விட்டிருந்தது. மாமா வழி விட்டுத்தான் இருக்கிறார் என்று நிம்மதியானேன். அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பிறகுதான் அந்த வழியில் குறுக்கே கோடு கோடாகப் போட்டிருந்ததைப் பார்த்தேன்.

"இது இன்னா சார், கோடு?"

"படிக்கட்டும்மா."

படிக்கட்டு என்றால் இவர் எப்படி ரோட்டுக்குப் போவார்?

என் வீட்டுக்காரர் புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. முகாமில் கொடுத்த மூன்று சக்கர வண்டி ஒன்று இருந்தது, கையால் சுற்றி ஓட்டுகிற வண்டி. விடிந்ததும் அதில் ஏறி, மாமாவின் நிலத்து மண்பாதை வழியாகத் தார் ரோட்டுக்குப் போய், டீக்கடை வாசலில் உட்கார்ந்துவிடுவார். அரசியல் பேசுவார், ஆள் வம்பு பேசுவார், புளி வியாபாரி வந்தால் எடைக்குச் சண்டை போடுவார். பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வேறு வழியாகப் போகலாமே என்றால், எங்கள் வீட்டுக்குப் பின்னால் காட்டிலாகா நிலம். ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் பாறை. முன்பக்கம் மாமா.

அந்த மாமா இல்லையென்றால் இவர் உயிரோடு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். விழுந்த அன்று நல்ல மழை, ஜீப் மேலே ஏறவில்லை. மாமாதான் ஆள் சேர்த்துக்கொண்டு, கட்டிலில் போட்டு, கணியம்பாடி போகிற ரோடு வரைக்கும் தூக்கிப் போனார். வேலூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கீழே துண்டை விரித்துப் படுத்திருந்தார். மலம் அள்ளிப் போட்டிருக்கிறார். இப்படிப்பட்டவர்மேல் மனு எழுதுவது எனக்கும் இனிப்பாக இல்லை.

ஆனாலும் சாயங்காலம் அவரிடம் சொன்னேன், எழுதிக் கொடுத்துவிடலாம் என்று. மனுஷன் கத்திய கத்தலில் கோழிகள் கூரையேறின.

"எலும்பு ஒடஞ்சு கெடந்தப்ப யாரு தூக்கினு போனது? உங்கப்பனா? அவரு மேலயே மனு எழுதுவியா? வாய மூடினு கெட."

நான் வாயை மூடிக்கொள்கிற ஜாதி இல்லை என்று ஊருக்கே தெரியும். நேரே மாமாவிடம் போனேன். அவர் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, படி கட்டினா அவரு வண்டி எப்டி ஏறும்? சறுக்கா கட்டித் தாங்க."

"சறுக்கு நீளமா இழுக்கும்மா. ஒரு ரூமு போய்டும். பேங்க்ல லோன் வாங்கிக்கினு ஒரு ரூம வுட முடியுமா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் இருக்கிறப்ப உனக்கு இன்னா கொறை? காத்தால ரெண்டு பேரு தூக்கி வுட்டுட்டா முடிஞ்சுது" என்றார்.

மனசாரத்தான் சொன்னார். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்திருப்பேன்.

மனு எழுதாமலே மாசக் கடைசி போனது. ஆபீசர் வந்த அன்று டீக்கடைக் கூட்டம் பூராவும் வேடிக்கை பார்க்க வந்து நின்றது. என் வீட்டுக்காரர் மண்பாதையின் நடுவில் வண்டியில் உட்கார்ந்திருந்தார். மாமா பக்கத்தில் வேட்டியை இறக்கிவிட்டு நின்றார். ஆபீசர் வண்டியைப் பார்த்தார், பிளானைப் பார்த்தார். அவருக்கே புரிந்துவிட்டது.

"ரெக்கார்டுல இந்த வழி இல்லீங்க. ஆனா இப்பக்கூட நீங்க ஆட்சேபணை சொன்னா, சறுக்கு போட்டாத்தான் அனுமதின்னு நான் எழுத முடியும். இன்னா சொல்றீங்க?"

என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்க்கவில்லை. கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. வூட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு வந்ததே கோபம்! வாயை மூடு என்று வீட்டில் கத்துவாராம், சபையில் என்னைக் கேட்கச் சொல்வாராம். நன்றி கெட்டவள் என்கிற பேர் மட்டும் எனக்கா என்று தோன்றியது. அடக்கமான மருமகள் மாதிரி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"அவரு சொன்னா சரிதாங்க. எனக்குன்னு தனியா இன்னா இருக்குது?"

ஆட்சேபணை இல்லை என்று ஆபீசர் எழுதிக்கொண்டார். மாமாவின் கண் கலங்கிவிட்டது.

அடுத்த புளிக் காலத்துக்குள் கட்டிடம் எழும்பிவிட்டது. சனி ஞாயிறில் கார்கள் வருகின்றன. மாமா சொன்ன சொல் தவறவில்லை. காலையில் வேலைக்காரனோடு வந்து, ஒருவர் இவரையும் ஒருவர் வண்டியையும் தூக்கிப் படியிறக்கி விட்டார்கள். விருந்தாளிகள் அதை போனில் படம் எடுத்தார்கள். ஆள் இல்லாத நாளில் நான் இவரை முதுகில் தூக்கினேன். இரண்டு பேரும் படியில் சாய்ந்து விழுந்தோம். அதற்குப் பிறகு மாமா வந்து நின்றாலும், "இன்னிக்கி வேணாண்ணா, ஒடம்பு சரியில்ல" என்று இவரே சொல்லிப் பழகிவிட்டார். இப்போது மாமாவும் கேட்பதில்லை. வண்டிமேல் கோழி அடைகிறது.

இவர் வாசலில் உட்கார்ந்து கட்டிடத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தனியாக விட்டுவிட்டு நானும் எங்கேயும் போக முடியவில்லை. படவேட்டில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகவில்லை. சில நாள் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஓடைப்பக்கம் போய்க் கத்திவிட்டு வருவேன்.

போன வாரம் இரண்டு பேரும் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தோம். டீக்கடையிலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. இவர் தட்டுகிற கை நின்றுவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"அன்னிக்கி அந்த ஆபீசர் கேட்டப்ப நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இப்டி அடைஞ்சு கெடப்பமாய்யா?"

"அண்ணன் மூஞ்சிக்கு நேரா நான் எப்டி சொல்றது? அதுக்குத்தான உன்னக் கேக்கச் சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மலையில் எந்த ஆம்பளை பங்காளிக்கு நேராக முடியாது என்று சொல்லியிருக்கிறான்? ஏர் மாடு கேட்டு வந்தாலும் சரி, பெண் கேட்டு வந்தாலும் சரி, "எனக்கு சம்மதந்தான், வூட்ல ஒத்துக்க மாட்றா" என்பதுதான் பதில். வந்தவனும் புரிந்துகொண்டு, பெண்டாட்டியைத் திட்டிவிட்டுப் போவான். உறவு கெடாது. இது தெரியாதவளா நான்?

"நீ வேணாம்னு சொல்லியிருந்தா, பொம்பள பேச்சு, நான் இன்னா பண்ணட்டும்னு அண்ணங்கிட்ட சொல்லியிருப்பேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. "ஊரே உன் வாய்க்கு பயப்படுது. அன்னிக்கின்னு பாத்து நல்லவளா ஆயிட்டியேமே."