கழுவிவிட்டு ஓட்டுங்க

பேய் என்றாலே சிரிக்கிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஏற்காட்டில் தலைச்சோலைப் பக்கம், மளிகைக்கடை பாயின் ஒற்றை அறையில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். பைத்தான் நிரலில் வேகம் வேண்டிய பகுதியை மட்டும் சி மொழியில் எழுதி, கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டருக்கு நேரடியாகப் புரியும் கோப்பாக மாற்றி, ஒட்டுவார்கள். அப்படி ஒட்டித் தருகிற கருவி என் பொறுப்பு. அது மூன்று நாளாகப் படுத்துவிட்டது, எதைத் திருத்தினாலும் அதே பழைய பிழை. ஐந்து மணிக்குள் சரியாகாவிட்டால் மலையை விட்டிறங்கி பெங்களூர் ஆபீசுக்கே வந்துவிடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த டிராபிக்குக்கு இந்தப் பிழையே தேவலை.

மதியம் மூன்று மணி, ஜன்னலை மூடுபனி அடைத்திருந்தது. "பழசு எங்கிருந்துடா வருது!" என்று லேப்டாப்பிடம் கத்திக்கொண்டிருந்தேன், நம்பினால் நம்புங்கள், ஜன்னலில் ஒருத்தர். தலையில் மழைக்கு மடித்துப் போடுகிற சாக்குக் கொங்காணி, கையெல்லாம் காப்பிப்பழத் தோல்.

"ஏஞ்சாமி, ஓட்டறதுக்கு முன்னால கழுவுனீங்களா?"

"எதைங்க?"

"மிசினைத்தானுங்க. நேத்துக் கொட்டை ஒண்ணு உள்ளார தங்குனாப் போதும், இன்னிக்குப் போடறதும் சேந்து புளிச்சுப் போயிருமுங்க. கழுவிட்டு ஓட்டுங்க."

எனக்குச் சுரீர் என்றது. முந்தைய முறை கம்பைல் ஆன கோப்புகளை அழிக்காமல், கருவி அவற்றையே மறுபடி எடுத்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது! முதலில் அவற்றைத் துடைத்துவிட்டு ஆரம்பிக்கும்படி மாற்றினேன், கருவி பிழையில்லாமல் ஓடியது. நன்றி சொல்ல எழுந்து போனால் ஆளைக் காணோம். அந்த ஜன்னலுக்கு வெளியே இரண்டாள் உயரச் சரிவு, நிற்க இடமே கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது, முட்டாள்.

பாயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அட, உங்க ரூமு முன்னால காப்பிப்பழத்துக்குத் தோலெடுக்கற கொட்டகையா இருந்ததுதானுங்க. மிசினைத் தூக்கி நொம்ப வருசமாச்சு, அதைக் கழுவுன ஆளும் போய்ச் சேந்துட்டாப்புல. வெளிய சொல்லிப்புடாதீங்க கண்ணு, அப்புறம் அந்த ரூமுக்கு எவனும் குடி வரமாட்டான்."

மூடுபனி, தூக்கமின்மை என்று நீங்கள் சொல்வதையெல்லாம் நானும் எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்தக் கருவியை எந்த நாட்டுக்காரரும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். போன வாரம் நார்வேயிலிருந்து ஒரு புகார் வந்திருக்கிறது: "புதிய பதிப்பு அருமை. பழைய கோப்புகளைத் துடைக்கும்போது மட்டும் என் அறையில் ஏதோ பழம் புளித்த வாடை வருகிறது. இது எதிர்பார்த்ததுதானா?"

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். நேற்று அதன் கீழே வேறு நாட்டுக்காரர் ஒருவர் ஒரே வார்த்தை எழுதியிருக்கிறார்: "எனக்கும்."