சூளையில் என் பொம்மைகளுக்கு இடமில்லை

இன்று விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்குப் போயிருந்தேன். ஆபீசில் என் டீமுக்குப் பரிசாகக் கொடுக்க இருபது பொம்மைகள் சொல்லியிருந்தேன். சூளைப் பொறுப்பிலிருக்கும் ஸ்டெல்லா அக்கா அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு எலக்ட்ரிக் கடைக்காரர் ஓடிவந்தார். "இடி விழுந்து ஊரு பூரா பியூஸு போச்சுங்க. பியூஸு மாட்டுற பீங்கான் கட்டை கடையில ஒண்ணுகூட இல்ல."

இருப்பதோ ஒரே சூளை. அக்கா எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கு இது இல்லன்னா என்ன ஆவும்?"

"மோட்டாரு ஓடாது. நாத்து காஞ்சிடும்" என்றார் அவர்.

என் முறை. "ஒண்ணும் ஆகாதுக்கா."

அடுத்த நிமிஷமே பொம்மைகளை இறக்கிவிட்டு, சுடுவதற்குக் காய்ந்து தயாராக இருந்த பியூஸ் கட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். "வெள்ளிக்கிழமை சூளைல உங்களுதுதான் மொதல்ல. கோச்சிக்காம டீ சாப்ட்டுட்டுப் போங்க."

கோபமே வரவில்லை. எங்கள் ஆபீசில் இப்படி ஒரு முடிவெடுக்க, சுவர் நிறைய மஞ்சள் சீட்டு ஒட்டித் தினமும் காலையில் நின்றுகொண்டே கூட்டம் போடுகிறோம். எல்லாச் சீட்டிலும் 'அவசரம்' என்றே இருக்கும். அக்காவின் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

நீங்கள் சொல்லுங்கள். இன்று நீங்கள் பார்த்த வேலையை நாளைக்குத் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேனேஜர் படிக்கமாட்டார், உண்மையைச் சொல்லலாம்.