மதார் சாகிப் மாப்பிள்ளை பேசி விற்ற ரேடியோ

மதார் சாகிப் சைகோனிலிருந்து காரைக்காலுக்குத் திரும்பி வந்தது 1955இல். பிரெஞ்சுக்காரன் அங்கேயும் மூட்டை கட்டிவிட்டான், இங்கேயும் கட்டிவிட்டான். இரண்டு இடத்திலும் அவனை நம்பிப் பிழைத்தவர் நடுவில் நின்றார். சைகோனில் ஒரு துணிக்கடையில் பட்டு அளந்து கிழித்துக் கொடுத்த கை. ஊரில் அந்தக் கைக்கு வேலை இல்லை.

வந்த மூன்றாம் நாள் அவருடைய சின்ன மகள், "வாப்பா, நீங்க எப்ப போவீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. வருகிற வாப்பா போய்விடுவார் என்பதுதான் அவள் கண்டது. மதார் சாகிப் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழுதார். இனிச் செத்தாலும் கப்பலேறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு முகம் கழுவி வந்தார். முடிவு செய்வது சுலபம். ஊரில் ஒரு தொழில் அமையாவிட்டால் பினாங்குக் கப்பல்தான் என்பது அவருக்கும் தெரியும், அவர் மனைவி பத்ருன்னிசாவுக்கும் தெரியும்.

அப்போதுதான் நவநாதம் ரேடியோ கம்பெனி, ஊருக்கொரு ஏஜென்ட் தேவை என்று பேப்பரில் விளம்பரம் செய்தது. இவர் எழுதிப்போட்டார், கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: ஆறு மாதத்தில் பத்து ரேடியோ விற்க வேண்டும். விற்காவிட்டால் ஏஜென்சி நாகப்பட்டினத்துக்காரர் ஒருவருக்குப் போய்விடும்.

விளம்பரம் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே கோபம் உண்டு. பம்பாயில் மூன்றாம் மாடியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தில் இருக்கிற வீடெல்லாம் தன் வீடு மாதிரியே என்று நினைப்பார்கள். அவர்கள் அனுப்பிய பெரிய தகரப் பலகையில் ஒரு மணப்பெண் ரேடியோவை அணைத்துக்கொண்டு நின்றாள். கீழே, "நவநாதம்: உங்கள் வீட்டுக்கு வரும் புது மருமகள்!" என்று எழுதியிருந்தது.

எங்கள் தெருவில் அதைப் படித்துவிட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. எங்களிடம் பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிவருவார். மருமகள் அவளுடைய உம்மா வீட்டிலேயே இருப்பாள்; இரண்டு பெருநாளைக்கும் வந்து சலாம் சொல்லிவிட்டுப் போவாள். "என்ன நானா, ரேடியோ வருசத்துக்கு ரெண்டு நாள்தான் பாடுமா?" என்று கேட்டான், அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற எதிர்வீட்டு கபீர்.

சரி, இந்துக்கள் தெருவுக்கு இது பொருந்தும் என்று மதார் சாகிப் பலகையையும் ஒரு ரேடியோவையும் தூக்கிக்கொண்டு அங்கே போனார். நீலாயதாட்சி என்ற அம்மாள் ஆரத்தி எடுத்து ரேடியோவை உள்ளே கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள்.

"மருமவ வந்துட்டா, சரிங்க. சீர் எங்கங்க?"

"சீரா?"

"ஒரு குத்துவிளக்கு, ஒரு பித்தளை அண்டா, பாயி, தலகாணி. வெறுங்கையோடயா பொண்ண அனுப்புவீங்க?"

மதார் சாகிப் ரேடியோவோடு திரும்பி வந்தார். அன்றைக்கே பலகையில் மணப்பெண்ணுக்கு மீசை வரைந்து, தலையில் தொப்பி வைத்து, "மருமகள்" என்பதை அழித்து "மாப்பிள்ளை" என்று எழுதினார். உருவம் கொஞ்சம் விகாரமாகத்தான் இருந்தது. ஆனால் தெருவில் எடுபட்டது.

கம்பெனிக்கு இன்னொரு தந்திரமும் இருந்தது. ரேடியோவைப் பத்து நாள் இலவசமாக வீட்டில் வைத்துவிட்டு வா. பதினோராம் நாள் பிரிய மனமில்லாமல் வாங்கிவிடுவார்கள் என்று ஏஜென்டுகளுக்கு அச்சடித்த புத்தகமே கொடுத்திருந்தார்கள். முதல் ரேடியோ ஆஸியா பீவி மாமி வீட்டுக்குப் போனது. மாமி புதுப் பாய் விரித்து அதை உட்கார வைத்தார். அத்தர் பூசினார். செய்தி வாசிக்கிற ஆண்குரல் கேட்டதும் வீட்டுப் பெண்கள் முதல் நாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்கள். பிறகு, மாப்பிள்ளைதானே என்று பழகிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அதன் முன்னால் ஒரு தட்டும் வைத்தார்களாம். கபீர் சொன்னது, எவ்வளவு நிஜமோ தெரியாது.

பதினோராம் நாள் மதார் சாகிப் போய், "மாமி, வெல இருநூத்தி எழுபது ரூவா" என்றார்.

மாமிக்கு வந்ததே கோபம். "வூட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு வெல சொல்றியா? பத்து நாள் எங்க கையால உபசாரம் வாங்கிக்கிட்ட புள்ளைய அது முன்னாடியே வச்சு ஏலம் போடுறியே, உனக்கு நல்லாருக்கா?"

ஆனாலும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து அவித்த வட்டலப்பம் ஒரு சட்டி கொடுத்து அனுப்பினார். அடுத்த வீட்டிலும் அதே கதை, அதே வட்டலப்பம். ஐந்து மாதத்தில் ரேடியோ பன்னிரண்டு வீடு சுற்றியது. ஒன்றுகூட விற்கவில்லை. மதார் சாகிப் மட்டும் பருத்துப் போனார்.

மாதா மாதம் கம்பெனிக்கு ஒரு தாள் நிரப்பி அனுப்ப வேண்டும். அதில், "வாடிக்கையாளர் ரேடியோவுக்குப் பதிலாகக் கொடுத்தது என்ன?" என்று ஒரு கேள்வி; பழைய ரேடியோவை மாற்றிக்கொண்டால் அதன் பெயரை எழுதுகிற இடம் அது. அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "வட்டலப்பம்" என்று எழுதினார். பம்பாயிலிருந்து அவசரக் கடிதம் வந்தது: "வட்டலப்பம் என்ற போட்டிக் கம்பெனி எந்த நாட்டைச் சேர்ந்தது? அதன் ரேடியோவில் எத்தனை வால்வு? விலை என்ன?"

அந்தக் கடிதத்தை பத்ருன்னிசாவுக்குப் படித்துக் காட்டியபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. நாள் முழுக்க யோசித்துவிட்டு அவள் சொன்னாள்: "மாப்பிள்ளைய விக்க முடியாதுங்க. ஆனா மாப்பிள்ளைக்குப் பணம் பேசி வாங்கலாம்ல? பொண்ணு வூட்ல குடுக்குறதுதானே. நீங்க போவாதீங்க. ஷரீபுன்னிசா லாத்தாவ அனுப்புங்க."

எல்லாருக்கும் லாத்தாவான, அதாவது அக்காவான ஷரீபுன்னிசா எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசி முடிக்கிறவர். ஒரு தட்டில் சீனியும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு ஆஸியா பீவி வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். ரேடியோ என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. புள்ள நல்ல குணம், சத்தம் போடாது, திருகினால் அடங்கிவிடும், இலங்கைப் பாட்டெல்லாம் தெரியும் என்றார். மாப்பிள்ளை வீட்டில் இருநூற்றெழுபது எதிர்பார்க்கிறார்கள் என்றார். மாமி சந்தோஷமாகப் பேரம் பேசி இருநூற்றறுபதில் முடித்தார்.

விஷயம் தெருவில் பரவியது. அடுத்த வீட்டில், "ஆஸியா மருமவனுக்கு எரநூத்தி அறுவதுன்னா, எங்க மருமவன் என்ன கொறஞ்சவனா?" என்று முந்நூறு கொடுத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் முந்நூற்று இருபத்தைந்தும் ஒரு மோதிரமும். மோதிரத்தை ரேடியோவின் திருகுகிற குமிழில் மாட்டிக் கொடுத்தார்கள். நீலாயதாட்சி அம்மாளும் ஆளனுப்பி, மருமகள் வேண்டாம், மாப்பிள்ளையாகவே ஒன்று கொண்டுவரச் சொன்னாள். பதினெட்டு நாளில் இருபத்திரண்டு ரேடியோவுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்தது. தென்னாட்டிலேயே எந்த ஏஜென்டும் அவ்வளவு விற்றதில்லை என்று தந்தி வந்தது.

தந்திக்குப் பின்னால் மதராஸ் கிளை அதிகாரி சோமு என்பவரே மாலையோடு வந்து இறங்கினார். வீட்டு முன்கட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். நிறைய விற்பவரை ஒரே ஊரில் போட்டுவைப்பது கம்பெனிக்கு நஷ்டமாம். அதனால் காரைக்கால் ஏஜென்சியை நாகப்பட்டினத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு, மதார் சாகிப்பை ஐந்து வருடத்துக்கு பினாங்குப் பிரதிநிதியாக நியமித்திருக்கிறார்கள். கப்பல் டிக்கெட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

விற்காவிட்டால் பினாங்கு. விற்றதற்குப் பரிசும் பினாங்கு. மதார் சாகிப் கழுத்தில் மாலையோடு டிக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த அதிகாரியை இப்போது நினைத்தாலும் கை துறுதுறுக்கிறது.

கதவுக்குப் பின்னாலிருந்து பத்ருன்னிசாவின் குரல் வந்தது. அந்நிய ஆணிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஐயா, கல்யாணமாகிப் பதினாறு வருசம். அதுல அவங்க இங்க இருந்தது, போன வாரம் வரைக்கும் எண்ணிப் பார்த்தேன், இருபத்தோரு மாசம். அவங்க வரமாட்டாங்க. வேற ஆளப் பாருங்க."

சோமு திகைத்துப்போய் மதார் சாகிப்பைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க? வீட்டுக்குப் பெரியவர் நீங்கதானே?"

மதார் சாகிப் மாலையைக் கழற்றி டிக்கெட்டின் மேல் வைத்தார்.

"நான் சொல்ல என்னங்க இருக்கு?" என்றார். "இது அவங்க வூடு. இருன்னு சொன்னா நான் இருக்க வேண்டியதுதான்."